நடுக் கட்டத்தில் சந்தனம்

கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். அவர் வைத்த சந்தனப் பொட்டினால்தான் ஒரு பெண்ணுக்கு ஆராய்ச்சி முடிந்து டாக்டர் பட்டம் கிடைத்தது என்று சில வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில் பெரும்பங்கு நான் ஊட்டியது. பொட்டு உண்மையில் என்ன செய்தது என்பது அப்போது எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவுக்கு அது தெரிந்துவிடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு பேச்சு.

நான் எட்டாம் வகுப்புப் பாதியில் நின்றவன். லாரியில் கிளீனர், ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் மாவு அள்ளுவது, கோழிப்பண்ணையில் தீவனம் போடுவது என்று ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றினேன். கடைசியாக போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் வரை போனேன். துளை போடும் ராடு மாட்டும்போது இடது கைச் சுண்டுவிரல் பாதி போயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு அன்றைக்கு மிச்ச வேலையையும் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். விரல் ஆறுகிற வரைக்கும் ஊர்ப்பக்கம் இருக்கலாம் என்று வந்தபோது, பேளுக்குறிச்சிச் சந்தையில் தெரிந்த ஜீப்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். மலைக்கு ஒரு லோடு ஏற்ற வேண்டும், சாமான் உடையாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்.

சாமான் என்பது லேசர். செருப்புப் பெட்டி அளவுக்கு ஒன்று, அதைவிடச் சின்னதாக இன்னொன்று. கூடவே கண்ணாடிகள், லென்சுகள், ஸ்கோப் என்று சொல்லும் திரை வைத்த பெட்டி, லாரி பேட்டரி மாதிரி நான்கைந்து பேட்டரிகள். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரி மாதிரி முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உண்மையில் அவளுக்கும் எதுவும் சொந்தமில்லை. தீபாவளிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய இரவல். அடிவாரத்தில் வெங்காயம் போடும் குடும்பத்துப் பெண். கீழே ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் மேடம் என்றேன். "எங்கப்பா கேட்டா சிரிப்பாருங்கண்ணா. அம்மிணின்னே கூப்பிடுங்க" என்றாள். கடைசி வரைக்கும் அம்மிணிதான்.

காலேஜ் லாரி ரோட்டை ஒட்டி இருந்தது. லோடு லாரி ஒன்று போனால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் அவள் பார்க்க வேண்டியது கலைந்துவிடும். அதனால்தான் மலை. அக்காவின் வீட்டை ஒட்டி மிளகு மூட்டை போட்டு வைக்கும் கல் அறை ஒன்று பாறையின் மேலேயே அடித்தளம் இல்லாமல் கட்டப்பட்டிருந்தது. அம்மிணியின் அப்பா அந்த வீட்டில் வருடா வருடம் மிளகு வாங்குகிறவர். அவர் சொல்லி அறை கிடைத்தது.

வந்து இறங்கிய அன்றைக்கே அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "ஏங்கண்ணு, அத்தாப் பெரிய காலேஜ கட்டி வெச்சுட்டு என்ற ஊட்டு மொளகு ரூமுக்கா வந்து படிக்கறே?"

"அங்க லாரி போனா எல்லாம் ஆடுதுங்கக்கா."

"இங்க ஆடாதா?"

அக்காவின் வீட்டுக்காரர் மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார். "உங்கக்கா நடக்காம இருந்தா ஆடாது."

"நீங்க குறட்டை விடாம இருங்க, அது போதும்" என்றார் அக்கா.

சாமானை இறக்கிவிட்டுப் போய்விடத்தான் வந்தேன். அம்மிணி ஒரு ஆள் கூட இருந்தால் நல்லது என்றாள். இருந்துவிட்டேன். பூமியைக் குத்திக் குலுக்கிச் சோறு தின்றவனுக்கு, பூமி குலுங்காமல் பார்த்துக்கொள்வது வேலையாகக் கிடைத்தது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மின்சாரம் நின்றால் கம்பி மாற்றுவது, மலைப் பனி கண்ணாடியில் படியாமல் மரப்பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரிய விடுவது. எல்லாவற்றையும் விட முக்கியம், அவள் அளக்கிற நேரத்தில் அக்கம்பக்கத்தில் யாரும் சாமை குத்தாமலும் விறகு பிளக்காமலும் பார்த்துக்கொள்வது.

அதற்கு ஒரு வழி செய்தோம். அளக்கும்போது என் வெள்ளைத் துண்டை அறைக் கதவில் போடுவேன். துண்டு தொங்கினால் உலக்கை நிற்க வேண்டும். முதலில் இரண்டு நாள் நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். பிறகு அந்த வேலையை அக்காவே எடுத்துக்கொண்டார். யாராவது உலக்கையைத் தூக்கினால் அவர் குரல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரை போகும்.

"ஏம்புள்ள, துண்டு தொங்கறது கண்ணுக்குத் தெரியலையா? அந்தப் புள்ள உள்ள மூச்சக் கூட அடக்கீட்டு நிக்கறா. உனக்கு இப்பத்தான் சாமை குத்தோணுமா?"

"உலக்கைச் சத்தத்த விட உன்ற சத்தம்தான் பெருசா இருக்குதக்கா" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

சில வாரம் இப்படி உலக்கையை நிறுத்தி நிறுத்தி, சாமையை இருட்டுவதற்குள் அவசரமாகக் குத்தி, அந்த நாலைந்து வீட்டுக்காரர்களும் எங்களுக்காகச் சிரமப்பட்டார்கள். எதற்காக என்று கேட்டது அக்கா ஒருவர்தான்.

ஒரு மழை நாளில் அளக்க முடியாமல் சும்மா இருந்தபோது கேட்டார். "கண்ணு, நீ நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு பாக்கறயே, அது என்னன்னு எனக்கும் ஒருக்கா காட்டு."

அம்மிணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. சின்ன இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் விரித்த கைக்குட்டையில் வைத்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்குக் கன்னங்கரேலென்று பளபளக்கும் சிலிக்கான் சில்லு. அதன் மேல் மிளகை விடச் சின்னதாக ஐந்து கட்டங்கள், வரிசையாக. ஜன்னல் பக்கம் திருப்பினால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வானவில் ஓடியது.

"இதுல அலுமினியத்துல கோடு கோடா போட்டிருக்குங்கக்கா. ஒரு தலைமுடி அகலத்துக்குள்ள நூறு கோடு அடங்கும். அத்தனையும் ஒரே இடைவெளி."

"மரவள்ளிக்கு மண்ண அணைச்சுப் பார் புடிச்ச மாதிரியா?"

"அதேதானுங்க. கட்டத்துக்குக் கட்டம் பாரோட இடைவெளி வேற. நடுவுல இருக்கற கட்டத்துலதான் ரொம்ப நெருக்கம்."

பிறகு அவள் சொன்னது எனக்கும் அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. லேசர் வெளிச்சம் கோடுகள் மேல் விழுகிறது. கண் இமைப்பது அதற்கு முன்னால் ஒரு யுகம், அவ்வளவு குறைந்த நேரம். அதற்குள் கோடுகள் சூடேறி உப்புகின்றன. உப்பும்போது அடியில் உள்ள சிலிக்கானை நெட்டுகின்றன. எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் நெட்டுவதால் மேல்தோலில் ஓர் அலை எழும்புகிறது. அது ஒரு வகைச் சத்தம்தான். நம் காதுக்கு எட்டாது, சில்லுக்குள்ளே இறங்காமல் தோலோடு தோலாக ஓடும். கோட்டுக்குக் கோடு இடைவெளி எவ்வளவோ அதுவே அலைக்கு அலை இடைவெளி. இரண்டாவது லேசர் அதே இடத்தில் பட்டுத் திரும்பும். தோல் நடுங்கினால் திரும்பி வரும் வெளிச்சமும் துளி நடுங்கும். அந்த நடுக்கத்தைத்தான் திரையில் பார்க்க வேண்டும். ஒரு தடவை அடித்தால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான தடவை அடித்து எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் கோடு தெளியும். அதுவரை மேசை அசையக் கூடாது. கோடுகள் நெருங்க நெருங்க அந்த அலை எவ்வளவு சீக்கிரம் சாகிறது என்பதுதான் அம்மிணியின் கேள்வி. ஆகவே நடுக் கட்டம்தான் அவளுக்கு உயிர். சில்லு வெளிநாட்டிலிருந்து வந்தது, வேறு இல்லை.

அக்கா சில்லைத் திருப்பித் திருப்பி வானவில் பார்த்தார். "இது யாருக்குப் பிரயோசனம் கண்ணு?"

"இப்ப எல்லாரும் செல்போன் வெச்சிருக்காங்களே, அதுக்குள்ள இதே மாதிரி கோடு போட்ட சில்லு ஒண்ணு இருக்குங்கக்கா. இதே மாதிரி அலை அதுலயும் ஓடுது. அது இல்லேன்னா யார் பேசறது யாருக்குன்னு பிரிக்க முடியாது."

"அட சாமி" என்றார் அக்கா. அப்போது அந்த மலையில் செல்போன் வைத்திருந்தவர்கள் அபூர்வம். வைத்திருந்தவர்களும் சிக்னலுக்குப் பாறை உச்சிக்கு ஏற வேண்டும்.

அலை வரவில்லை. புரட்டாசி கடைசிக்கு வந்து ஐப்பசி நெருங்கியது. மழையும் பனியும். காலையில் சரியாக நிறுத்திய கண்ணாடி மத்தியானம் துளி விலகியிருக்கும். திரையில் புழுதி மாதிரி ஒரு குப்பைக் கோடு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அம்மிணி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். அக்கா தட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு எதிரில் உட்கார்ந்து, தின்று முடிக்கிற வரைக்கும் எழ மாட்டார்.

ஆயுத பூஜை வந்தது. அம்மிணி பூஜைக்குக் கீழே வீட்டுக்குப் போனாள். ஜீப்புக்குப் பூஜை போடுகிறார்கள் என்று நானும் இறங்கினேன். கிளம்பும்போது அறைச் சாவியை அம்மிணி அக்காவிடம் கொடுத்தாள்.

"கதவத் தொறந்து சாம்பிராணி காட்டட்டுமா கண்ணு?"

"காட்டுங்கக்கா. எனக்காக நீங்களே வேண்டிக்குங்க. நான் கும்பிட்டுக் கும்பிட்டு ஓஞ்சு போயிட்டேன்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பஸ் ஏறும் அவசரத்தில் சொன்னது.

அந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால் அருவாள், மண்வெட்டி, தராசு, மிளகு பறிக்க ஏறும் ஒற்றை மூங்கில் ஏணி, ரேடியோ, மீட்டர் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. வேலை செய்கிற சாமான் எதையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் அது ஏங்கிப்போகும் என்பார் அக்கா. அன்றைக்கு எதையும் தொடக் கூடாது. மறுநாள் காலை நல்ல நேரத்தில் ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் அம்மிணியும் ஏறி வந்தோம். அக்கா குளித்து, தலையில் ஈரத் துண்டோடு அறை வாசலிலேயே காத்திருந்தார். "நேரம் போகுது, சீக்கிரம் மிசினப் போடு கண்ணு."

அறையில் சாம்பிராணி வாசம் கிடந்தது. லேசர் பெட்டிக்குப் பொட்டு. திரைக்குப் பொட்டு. பேட்டரிக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு. அம்மிணி சிரித்துக்கொண்டே போய், சில்லை மூடியிருந்த மரப்பெட்டியின் மூடியைத் தூக்கினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

சில்லின் நட்ட நடுவில், அளந்து வைத்த மாதிரி, ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் கடுகளவு குங்குமம்.

எனக்கு ரிக் வண்டியில் விரல் போனபோது முதல் சில நொடி வலியே தெரியவில்லை. அது மாதிரி இருந்தது. அம்மிணி மூடியைப் பிடித்தபடியே நின்றாள். வாசலில் அக்கா. "அதுதான எல்லாத்துக்கும் உசுருன்னு சொன்னே. அதுக்குத்தான் மொதல்ல வெச்சேன். மோதிர விரல்ல, நோகாம வெச்சேன்."

"நல்லா வெச்சிருக்கீங்கக்கா" என்றாள் அம்மிணி. அவள் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

அக்கா நகரவில்லை. மிசினைப் போடுவதைப் பார்க்காமல் போக மாட்டார். அம்மிணி சில்லை நகர்த்தும் திருகைச் சுற்றி, பொட்டிலிருந்து தள்ளி ஓரத்துக் கட்டத்தை வெளிச்சத்துக்குக் கீழே கொண்டுவந்தாள். நான் துண்டைக் கதவில் போட்டேன். வெளியே ஒரு உலக்கையும் விழவில்லை. திரையில் குப்பைக் கோடு ஆடியது. பிறகு மெதுவாகத் தெளிந்தது. முதலில் ஒரு மேடு, அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று, ஒவ்வொன்றும் முன்னதை விடத் தாழ்ந்து, சீராக, பார் பிடித்த மாதிரி.

அலை வந்துவிட்டது. இத்தனை வாரம் வராதது அன்றைக்கு வந்தது.

அம்மிணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தார். பாதி அதுவும்தான். அக்கா உள்ளே வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தார். "வந்துருச்சா சாமி. நான் சொல்லல? பொட்டு வெக்காம விட்டா ஏங்கிப்போகும்னு சொன்னனே." வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே ஓடினார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரை அந்தச் சேதி போவது எங்களுக்குக் கேட்டது.

அவர் போனதும் சில்லை எடுத்தோம். அம்மிணி ஏதோ ஒரு திரவத்தில் சில்லை நனைத்து, பஞ்சு வைத்து ஒற்றினாள். சந்தனம் அரைத்த கல்லின் துகள் அதில் இருந்திருக்க வேண்டும். சந்தனம் வரும்போது கோடுகளும் உரிந்து வந்தன. நடுக் கட்டத்தில் வானவில் இல்லை. வெறும் சாம்பல் நிறக் கறை. பக்கத்துக் கட்டம் ஒன்றிலும் பாதி போயிருந்தது.

இந்த மாதிரிக் கதைகளில் அந்தக் கறையிலிருந்தே ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். இதில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. போனது போனதுதான்.

"ஏன் இன்னைக்கு வந்துச்சு அம்மிணி?" என்று கேட்டேன்.

"நேத்து பூராவும் யாரும் கண்ணாடியத் திருகல. எல்லாம் ஒரே சூட்டுல அசையாம நின்னுருச்சு போல. சரியாத் தெரியலைங்கண்ணா." பஞ்சைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டே, "அக்காவுக்குத் தெரிய வேண்டாம். வேண்டிக்கச் சொன்னது நாந்தான்" என்றாள்.

தீபாவளி வரைக்கும் மிச்சக் கட்டங்களை அளந்தாள். சாமானைக் கட்டி ஜீப்பில் ஏற்றினோம். அக்கா ஒரு பை மிளகும் மலை வாழைத் தாரும் கொடுத்து அனுப்பினார். கீழே காலேஜில் அவள் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான வாத்தியார் நடுக் கட்டம் இல்லாமல் ஆகாது என்றுவிட்டார். கட்டம் எப்படிப் போயிற்று என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. வேறு சில்லு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடம் அம்மிணி அப்பாவின் வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள். பிறகு வேறு ஊரில் வேறு யாருடைய லேசரிலோ முடித்தாள். பட்டம் கிடைத்த சேதியை நான்தான் மலைக்குக் கொண்டுபோனேன். வருடம் தள்ளிப்போனதைச் சொல்லவில்லை.

அம்மிணி வாயை மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான் அதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்குச் சோறு போடுகிற இடத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கம். அக்கா வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இந்தக் கை வெச்ச பொட்டுதாங்க, மிசினே பேசுச்சு" என்று பத்துப் பேர் கேட்க நானே சொன்னேன். சந்தையில் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். புது டிராக்டர் வாங்கியவர்கள், தையல் மிசின் வாங்கியவர்கள், அக்காவைக் கூப்பிட்டு முதல் பொட்டு வைக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவரும் வேலையைப் போட்டுவிட்டுப் போவார். வீட்டுக்காரர் சிரிப்பார். "தாசில்தார் ஜீப்புக்கு ஒண்ணுதான் பாக்கி." நான் குனிந்து சோற்றைப் பிசைவேன்.

நான் மறுபடியும் சுற்றப் போனேன், திரும்பினேன், மரவள்ளி ஏற்றும் வேன் ஒன்றை ஓட்ட ஆரம்பித்தேன். மலைக்கு வாரம் ஒரு நடை. அந்தச் சமயத்தில் ஒருநாள் போனபோது அக்கா வாசலில் சந்தனக் கல்லை வைத்து அரைத்து அரைத்து உருண்டை பிடித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மிளகு அறையில் இருந்தபோது சின்னப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். சென்னைப் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்றார்.

"நாளைக்குக் கிளம்பறா தம்பி. இத ஒரு டப்பியில போட்டுத் தரப்போறேன். மொத நாளு மிசினுக்கு ஒரு பொட்டு வெச்சுட்டுத்தான் ஒக்காரோணும்னு சொல்லியிருக்கறேன்."

"அங்க அதெல்லாம் விட மாட்டாங்கக்கா."

"யாருக்கும் தெரியாம வெச்சா என்ன? கம்பெனி பூராத்துக்குமா வெக்கச் சொல்றேன்? செல்லுக்குள்ள கோடு போட்ட சில்லு ஒண்ணு இருக்குதுன்னு அந்தப் புள்ள சொன்னுதே. அது கையில வந்தா அதுக்கு ஒரு துளி. மோதிர விரல்ல, நோகாம. அந்தப் புள்ளைக்கு நடந்த மாதிரி என்ற புள்ளைக்கும் நடக்கட்டும்."

ஒரு மழை நாளில் கேட்டதை இத்தனை வருடம் ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அம்மா சொன்னால் செய்கிற பெண் அவள், என் பேச்சை விட அம்மாவின் பொட்டைத்தான் நம்புவாள். வைத்தால் கம்பெனியில் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"அக்கா, வெக்கச் சொல்லாதீங்க" என்றேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைத் தூக்கியது, ஓரக் கட்டத்துக்கு நகர்த்தியது, பஞ்சில் கோடு உரிந்தது, வெங்காயக் காட்டில் ஒரு வருடம்.

அக்காவின் கை சந்தனக் கல்லில் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"அன்னைக்கு மத்தியானம் அந்தப் புள்ள இங்கதான் சோறு தின்னா" என்றார். "பாயாசம் வெச்சேன். ரெண்டு டம்ளர் குடிச்சா."

"ஆமாங்கக்கா."

"ஒண்ணுமே சொல்லல."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு..."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்கக்கா. நாங்க ரெண்டு பேருந்தான்."

"அப்ப ரெண்டு பேரும் எனக்குப் பின்னால சிரிச்சிருக்கறீங்க."

"சத்தியமா இல்லீங்கக்கா. ஒருநாளும் சிரிச்சதில்ல."

"அது இன்னும் மோசம்" என்றார்.

அந்த ஒரு நாளில் லீவு விட்டதால்தான் கண்ணாடி அசையாமல் நின்று அலை வந்தது, அதற்கும் பூஜைதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மிணியே அப்படித்தான் சொன்னாள் என்றேன். பொய்யில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அது பந்தியில் சொன்னது மாதிரிதான் கேட்டது.

"இனி என்ற கிட்ட எதையும் நல்லதா மாத்திச் சொல்லாத தம்பி. கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே அழுது தீத்திருப்பேன். அந்தப் புள்ளை காலப் புடிச்சிருப்பேன். இப்ப ஊர்ல எத்தன ஊட்டு மிசினுக்குப் போயி நின்னேன். கூப்பிட்டா ராணி மாதிரில்ல போனேன்."

அவர் எழுந்து, காய்ந்துகொண்டிருந்த சந்தன உருண்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனார். மகளிடம் பேசுவது கேட்டது. "கண்ணு, பொட்டு வெக்கறதா இருந்தா உன்ற நெத்தியில வெச்சுக்க. அங்க எதயும் தொடாத. என்ன ஏதுன்னு கேட்டுக் கேட்டுத் தொடு." மகள் ஏன் என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

அம்மிணி அப்போது வெளிநாட்டில் இருந்தாள். அவள் அப்பாவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். நல்லா இருக்காங்க என்று வாய் வந்துவிட்டது. பிறகு திருத்தி, "சரியில்லம்மிணி" என்றேன். அக்காவிடம் அவளே பேச வேண்டும் என்றாள். பேசினாளா என்று இரண்டு பேரிடமும் நான் கேட்கவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வேனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். போகாமல் இருந்தால் அது இன்னொரு பொய் ஆகிவிடும் என்று தோன்றியது. அக்கா வழக்கம் போல எல்லாம் செய்திருந்தார். அருவாள், மண்வெட்டி, மூங்கில் ஏணி எல்லாம் கழுவி வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது. ரேடியோவுக்கு இல்லை. மீட்டர் பெட்டிக்கு இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதுக்கு வெக்கலாமுங்களா தம்பி?"

அவர் என்னிடம் அதற்கு முன்பு எதற்கும் வெக்கலாமா என்று கேட்டதில்லை. வேற்றாளிடம் பேசுகிற மாதிரி எனக்கு ங்க போட்டும் பேசியதில்லை.

"வையுங்கக்கா" என்றேன்.

வேனுக்கு வைத்தார். விளக்குக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டு, தள்ளி வைத்தார். நான் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினேன். எங்கே வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லவும் செய்தேன். அக்கா மோதிர விரலைச் சந்தனத்தில் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். விரல் போனுக்கு மேலே வந்து நின்றது. பிறகு அதை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க" என்றார். "உள்ள வாங்க, சோறு ஆறுது."